பதினொரு வீடும் கேட்ட பதில்

கிங்ஸ்டன், ஒன்டாரியோ
24 மே 1981

அக்கா,

வந்து சேர்ந்து ஏழு நாள் ஆகிறது. வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். சொல்லாவிட்டாலும் அந்த முகத்தை வைத்துக்கொண்டிருப்பாய். நான்கு முறை ஃபோனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு நீளம் ஒரு குட்டை என்று நம் வீட்டு மணி அடித்ததுமே நம்மோடு ஒரே கம்பியில் இருக்கிற பதினொரு வீட்டிலும் ரிசீவரை எடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாவ்லுக் அம்மா மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். நம் சண்டையை வெஸ்னா ஊர் முழுக்க பீட்ரூட் சூப்போடு சேர்த்துக் குடிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கிங்ஸ்டன் ஃபுட்பால் அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தானியக் கிடங்கில் பக்கத்துப் பண்ணை மெட்ரோ கோசாக் வாயால் நீ கேட்டது தப்பு. பார்லியை எடை போடப் போன இடத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாள் போய்விட்டது.

இங்கே குவார்ட்டர்பேக் இடத்துக்கு நான்கு பேர். பந்தை வாங்கி வீசுகிற அந்த ஒரே இடத்துக்கு மூன்று அமெரிக்கர்களும் நானும். சட்டை கொடுக்கிற ஆள் எனக்கு நாற்பத்தொன்றாம் எண்ணைத் தூக்கிப் போட்டார்.

"குவார்ட்டர்பேக்குக்கு இருபதுக்குள்ளதானே தருவீங்க?" என்று கேட்டேன்.

"நீ குவார்ட்டர்பேக்கா? கனடான்னுல்ல எழுதியிருக்கு!" என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணை மாற்றவில்லை.

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவின் வலது கை இப்போது எப்படி இருக்கிறது? விதைப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது எனக்கும் உறுத்தாமல் இல்லை. உன் படிப்பு விஷயம் நினைவிருக்கிறது. கல்லூரியிலிருந்து பதில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

நெஸ்டர்


வெஸ்னா, சஸ்காச்சுவான்
3 ஜூன் 1981

நெஸ்டர்,

கடிதம் வந்தது. எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறாய். அந்த ஒரு சொல்லை வைக்க இடம் வேண்டும் என்றுதான் மீதியை எழுதினாய் என்று நினைக்கிறேன்.

விதைப்பு முடிந்தது. வடக்கு வயலில் நீ எந்த இடத்தில் எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் போனாய் என்று சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிறது. உன் பாதி மூன்று விரல் உயரம் வந்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து நான் விதைத்த பாதி இப்போதுதான் மண்ணை விட்டுத் தலையை நீட்டுகிறது. நடுவே கோடு கிழித்த மாதிரி இருக்கிறது. மெட்ரோ வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "இதுதான் உன் தம்பியோட நாற்பது கெஜக் கோடா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

அப்பா வலது கையால் கரண்டியைப் பிடிக்கிறார், தூக்க முடியவில்லை. பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தினமும் சாயங்காலம் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, "எறிஞ்சானா?" என்று கேட்கிறார். இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கவில்லை அப்பா என்று சொன்னால், நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் பார்க்கிறார்.

உனக்கு நினைவிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எதுவரை நினைவிருக்கிறது என்று தெரியாததால் நானே எழுதிவிடுகிறேன். மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசை. கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், மூன்றாவது முறை, எனக்கு இருபத்தாறு வயதாகிறது, இனி போடமாட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். வாய் நிறையக் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு, "சீட்டு கெடைச்சா நீ போக்கா, செப்டம்பர்லேருந்து வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது நீ. நான் கேட்டு வாங்கவில்லை. நீயாகச் சொன்னாய்.

சிவப்புப் பசு கன்று போட்டது. கால் மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது, கையை விட்டுத் திருப்பினேன். இரண்டும் பிழைத்தன.

டாரியா


கிங்ஸ்டன்
20 ஜூன் 1981

அக்கா,

அணியில் வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது குவார்ட்டர்பேக். ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஓஹையோக்காரன், பாவம், என்னைவிட நன்றாக வீசுவான். மூன்றாவது ஆளின் வேலை என்னவென்றால், ஓரத்தில் நின்று அட்டையில் எழுதுவது. அதோடு, பந்தை உதைப்பவன் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும்போது முழங்காலிட்டு அதைத் தரையில் ஒரு விரலால் நிறுத்திப் பிடிப்பது. ஒரு விரல் உத்தியோகம் என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கோச் ஸ்டிம்ப் கூப்பிட்டு அனுப்பினார். டென்னஸிக்காரர், நல்ல மனிதர்தான், மெதுவாகப் பேசுவார்.

"உனக்குக் காலு இருக்கு, கண்ணு இருக்கு. பின்னால தடுப்புக்கு வந்துடு. ரெண்டு வருஷத்துக்கு எழுதித் தர்றேன்."

"நான் குவார்ட்டர்பேக்குங்க."

"தம்பி, களத்துல இத்தனை கனடாக்காரன் இருந்தாகணும்னு சட்டம். தடுப்புல நின்னா உன் பாஸ்போர்ட்டு எனக்குத் தங்கம். பந்து வீசுறவன் அந்தக் கணக்குல சேரமாட்டான், அங்க நின்னா அது வெறும் காகிதம். ஏன் வீணாக்குறே?"

வேண்டாம் என்றேன். யோசி என்றார். சாப்பிடும் இடத்தில் மற்ற கனடாப் பையன்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர்கள்.

முதல் குவார்ட்டர்பேக் பெயர் ராய்ஸ் டில்மன், அலபாமா. கை பீரங்கி. அமெரிக்க ஆட்டத்திலிருந்து மாறுபட்ட நம் கனடா ஆட்டத்தின் சட்டம் அவனுக்குப் பாதி தெரியாது. பயிற்சி ஆட்டத்தில் எங்கள் ஆள் உதைத்த பந்து கம்பத்தைத் தவறவிட்டு எதிராளியின் கடைசிக் கட்டத்துக்குள் விழுந்தது. அவர்கள் வெளியே கொண்டுவரவில்லை, எங்களுக்கு ஒரு புள்ளி ஏறியது. டில்மன் பலகையைப் பார்த்துவிட்டு, "யாருடா எடுத்தது அதை?" என்று கேட்டான். தவறவிட்டதுக்கு ஒரு புள்ளி என்று விளக்கினேன். "தோத்தவனுக்கும் கூலி குடுக்கிற ஊரா இது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர்கள் பந்தை அங்கிருந்தே வெளியே உதைத்துவிடலாம், நாம் அதைப் பிடித்துத் திரும்ப உள்ளே உதைக்கலாம், அவர்கள் மறுபடி உதைக்கலாம் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

களஞ்சியத்துக்கும் சாலைக்கும் நடுவே நீயும் நானும் இருட்டும் வரை அப்படித்தானே உதைத்துக்கொண்டிருப்போம். ஒருமுறைகூட உன்னை ஜெயித்ததாக ஞாபகம் இல்லை.

நெஸ்டர்


வெஸ்னா
27 ஜூன் 1981

நெஸ்டர்,

இடம் கிடைத்துவிட்டது. நேற்று கடிதம் வந்தது. சஸ்கட்டூனில் வகுப்பு செப்டம்பர் எட்டாம் தேதி ஆரம்பம். ஜூலை முப்பத்தொன்றுக்குள் சேருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போகும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் நீ வருவாயா? அறுவடைக்கும், குளிர்காலத்தில் மாடுகளுக்கும் அப்பாவுக்கும் ஒரு ஆள் வேண்டும். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுது. பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதாதே. ஒன்றும் எழுதாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக ரேடியோவில் சொல்கிறார்கள். அதற்குள் உனக்கு வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

டாரியா


கிங்ஸ்டன்
15 ஆகஸ்ட் 1981

அக்கா,

ஜூன் இருபத்தேழில் நீ எழுதிய கடிதம் நேற்றுதான் வந்தது. ஒன்றரை மாத வேலைநிறுத்தம் முடிந்து மூட்டை மூட்டையாக வருகிறது. மேலே இருந்த தேதியைப் பார்த்தேன், உள்ளே இருந்த தேதியைப் பார்த்தேன், அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தபால்காரர்கள் நாசமாகப் போகட்டும். சரியான நேரத்துக்கு இது வந்திருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன், உனக்குத் தெரியும். எப்படியாவது அவர்களிடம் பேசிப் பார்க்க முடியாதா? தபால் ஓடவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்தானே? நீ ஏன் ஃபோன் செய்யவில்லை?

எட்டு ஆட்டம் ஆகிவிட்டது. மூன்று வெற்றி. நான் இதுவரை வீசியது நான்கு பந்து, எல்லாம் தோற்றுப்போன ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில். ஸ்டிம்ப் மறுபடி கேட்டார், மறுபடி வேண்டாம் என்றேன்.

உடனே எழுது.

நெஸ்டர்


வெஸ்னா
22 ஆகஸ்ட் 1981

நெஸ்டர்,

தபால்காரர்களைத் திட்டாதே. வெஸ்னா தபால் நிலையத்தில் இருக்கிற ஓல்காவுக்கு ஒன்றரை மாதம் சம்பளம் இல்லை. என் தோட்டத்து உருளைக்கிழங்கைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி லாரியை எடுத்துக்கொண்டு சஸ்கட்டூன் போனேன். தபால் இல்லையே, நேரில் போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலக ஜன்னலில் இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, "வேணாம்னு சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு காகிதம் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டேன். வரும் வழியில் மாட்டுக்கு உப்புக்கட்டி வாங்கினேன். ரேடியோவில் உங்கள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. உன் பெயர் வரவில்லை.

ஏன் ஃபோன் செய்யவில்லை என்று கேட்கிறாய். உன்னிடமும் ஃபோன் இருந்தது. ஜூன் கடைசியில் பதில் வரும் என்று உனக்குத் தெரியும்.

ஓடி வந்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்து எழுது. அந்தக் கடிதம் ஜூலை இரண்டாம் தேதியே உன் கைக்கு வந்திருந்தால் என்ன பதில் எழுதியிருப்பாய்?

பார்லி அறுக்கிறோம். அப்பா இடது கையால் லாரி ஓட்டுகிறார். டாக்டரிடம் சொல்லாதே.

டாரியா


கிங்ஸ்டன்
30 ஆகஸ்ட் 1981

அக்கா,

இல்லை என்று எழுதியிருப்பேன்.

காரணமும் நன்றாக எழுதியிருப்பேன். இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொள், ஒரு தடவை ஒழுங்காக ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்துவிடுகிறேன் என்று. நீ நம்பும்படி எழுதியிருப்பேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். தபால் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தங்கியிருக்கிற வீட்டுக்குக் கீழேயே ஒரு ஃபோன் கூண்டு இருக்கிறது. ஜூலை முழுக்கத் தினமும் அதைக் கடந்துதான் பயிற்சிக்குப் போனேன். உன்னிடமிருந்து ஒன்றும் வராதவரை நான் ஒன்றும் செய்யவில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் அதுவும் ஒரு "பார்த்துக்கொள்ளலாம்" மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

நெஸ்டர்


வெஸ்னா
8 செப்டம்பர் 1981

நெஸ்டர்,

இந்த வருடம் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான். மற்றதெல்லாம் ரேடியோவில் வருகிற வர்ணனை.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதம் ஃபோன் பக்கத்தில் போய்ப் போய் நின்றேன். பாவ்லுக் அம்மாவுக்குப் பயந்து எடுக்காமல் இல்லை. நான் கேட்காதவரை நீ இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இன்று வகுப்பு ஆரம்பம். கோதுமை இன்னும் ஈரமாக இருக்கிறது, வியாழக்கிழமை அறுக்கலாம்.

டாரியா


வெஸ்னா
19 அக்டோபர் 1981

நெஸ்டர்,

சஸ்கட்டூனில் ஆட்டம் முடிந்ததும் நீ எங்களைத் தேடியிருப்பாய். அணியின் பஸ் பக்கத்தில் நிற்கலாம் என்றுதான் நினைத்தேன், அப்பாவுக்குக் குளிர் தாங்கவில்லை. அதனால் பார்த்ததை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மூன்று டிக்கெட்டில் அப்பா, நான், மெட்ரோ. கிழக்குப் பக்கம், பதினான்காவது வரிசை. சுற்றிலும் சஸ்கட்டூன் அணியின் பச்சைத் தொப்பி. மெட்ரோவும் பச்சைத் தொப்பி. அப்பா தலையில் ஒன்றும் போடவில்லை. பச்சையும் வேண்டாம், கிங்ஸ்டன் நிறமும் வேண்டாமாம்.

இரண்டு பக்கமும் இருபத்திரண்டு புள்ளி. கடிகாரத்தில் இரண்டு விநாடி. உங்கள் ஆள் உதைக்க வந்தான், நீ முழங்காலிட்டுப் பந்தை நிறுத்தினாய். வலது கம்பத்துக்கு வெளியே ஒரு கை தள்ளிப் போனது. பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை என் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எங்கள் ஆள் கடைசிக் கட்டத்தில் பந்தைப் பிடித்து ஓடப் பார்த்தான், வழியில்லை, வெளியே உதைத்தான். அது நேராக உன்னிடம் வந்தது. உன்னைச் சுற்றி ஐந்து கெஜத்துக்கு யாரும் வரக்கூடாது, யாரும் வரவும் இல்லை. உங்கள் ஓரத்தில் அத்தனை பேரும் ஓடு ஓடு என்று கத்தினார்கள். உன் கோச் தொப்பியைக் கழற்றிச் சாலையில் மாட்டை விரட்டுவதுபோல் ஆட்டினார்.

நீ ஓடவில்லை. பிடித்த கையோடு உதைத்தாய். இடம் பார்க்கவில்லை, நிமிரவில்லை. என் உதை அது. காற்று உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பந்து எங்கள் ஆளின் தலைக்கு மேல் போய் விழுந்து, உருண்டு, கட்டத்தைத் தாண்டி வெளியே போனது. ஒரு புள்ளி.

அத்தனை பேர் ஒரே நேரத்தில் வாயை மூடி நான் பார்த்ததில்லை. அந்த அமைதியில் அப்பா மட்டும், "எறியல! எறியல! ஒதைச்சான்!" என்று கத்தினார். பதினான்காவது வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருவன் வந்து சண்டைக்கு நின்றான், அப்பா இடது கையால் அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

மெட்ரோ திரும்பி வரும்போது எழுபது மைலும் பச்சைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "உன் தம்பி நம்ம வயித்துல அடிச்சிட்டான்மா" என்றார். பிறகு, "நல்லாத்தான் அடிச்சான்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் நீ வேறு மாதிரி நினைப்பாய். போகிற வழியில் கல்லூரிக் கட்டிடத்தைத் தாண்டித்தான் போனோம். அதையும் எழுதுகிறேன்.

டாரியா


கிங்ஸ்டன்
9 நவம்பர் 1981

அக்கா,

நவம்பர் முதல் தேதி கடைசி ஆட்டத்தில் டில்மனுக்கு விலா எலும்பு விரிசல், இரண்டாவது ஆளுக்குக் கணுக்கால். என்னை ஆரம்பத்திலிருந்தே இறக்கினார்கள். ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். இருபத்தேழு வீசினேன், பதினான்கு எங்கள் ஆட்கள் பிடித்தார்கள், இரண்டு எதிராளி பிடித்தான். முப்பத்தொன்றுக்கு ஒன்பது என்று தோற்றோம். அப்பாவிடம் சொல், எறிந்தேன்.

மூன்றாம் கால்பகுதியில் ஒரு தடவை எனக்கு முன்னால் எல்லாம் மெதுவாக நடந்தது. யார் எங்கே போகப்போகிறான் என்று தெரிந்தது, பந்து கையைவிட்டுப் போவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது என்று தெரிந்தது. ஒரே ஒரு தடவைதான். உன் கை கன்றின் மடங்கின காலைக் கண்டுபிடிக்கிறபோது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் சட்டைக்காரர் தானாகவே வந்து பன்னிரண்டாம் எண்ணைக் கொடுத்தார். ஸ்டிம்ப் இரண்டு வருட ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார். தடுப்பு ஆட்டக்காரனாக இல்லை, குவார்ட்டர்பேக்காக. "எனக்கு இந்த நாட்டு ஆட்டத்தோட சட்டம் தெரிஞ்ச ஒருத்தன் வேணும்டா" என்றார். நவம்பர் முப்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு அது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

நீ விண்ணப்பத்தை மறுபடி போட்டிருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. போடாவிட்டால் போடு. என் பதிலை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. கடிதத்தில் எழுதினால் அதை நீயும் நானும்தான் படிப்போம், அப்புறம் எனக்கு வசதியான மாதிரி மாற்றிப் படித்துக்கொள்வேன். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் செய்கிறேன். எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம்.

நெஸ்டர்


வெஸ்னா
19 நவம்பர் 1981

நெஸ்டர்,

ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மணி அடித்ததும் பத்து ரிசீவர் தூக்குகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. நீ ஹலோகூடச் சொல்லவில்லை. "அக்கா, அடுத்த செப்டம்பர் நான் வீட்டுல இருப்பேன். நீ படிக்கப் போறே. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடமாட்டேன். பாவ்லுக் அம்மா, கேட்டுச்சா உங்களுக்கு?" என்றாய்.

அப்புறம் பாவ்லுக் அம்மா, "கேட்டுச்சுடா. அப்ப உன் பந்து என்னடா ஆவுறது?" என்றாள். மெட்ரோ, "சும்மா இரும்மா, அக்கா தம்பி பேசுறாங்க" என்றார். நீ வைத்துவிட்டாய். அதற்குப் பிறகும் ஒரு வீட்டில்கூட ரிசீவரை வைக்கவில்லை. ஓல்கா மூக்கைச் சிந்தினாள். நான்தான் முதலில் வைத்தேன்.

இனி நீ நினைத்தாலும் மாற்ற முடியாது. பதினொரு வீடும் சாட்சி. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தப் பதிலை நான் வைத்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்குத் தீனி போடும்போது, பால் கறக்கும்போது, அப்பாவின் கால்சட்டையை மாட்டிவிடும்போது எல்லாம் அதை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டேன். எனக்கு அதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டேன்.

இன்று காலை மெட்ரோவிடம் போனேன். அடுத்த வருடம் எனக்கு இடம் கிடைத்தால் எங்கள் அறுவடையையும் நவம்பர்வரை மாடுகளையும் சேர்த்து, விளைச்சலில் பங்குக்கு அவரும் அவர் மருமகனும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். "இதைக் கேக்க ஒரு வருஷமா?" என்றார். மே மாதம் விதைப்பை முடித்துவிட்டு நீ கிங்ஸ்டன் போ. செப்டம்பரிலிருந்து நீ வருகிறவரை அப்பாவுக்குச் சாப்பாடு பாவ்லுக் அம்மா பொறுப்பு, கேட்பதற்கு முன்பே சம்மதித்துவிட்டாள். நவம்பரில் ஆட்டம் முடிந்த மறுநாள் நீ இங்கே இருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க மாடும் அப்பாவும் உன் பொறுப்பு. மார்ச்சில் பத்துப் பசு கன்று போடும். முழங்கை வரை கையை விட வேண்டும், அதே வீசுகிற கையைத்தான்.

மெட்ரோவிடம் கேட்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஜூலையிலும் அதே ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். நீ வரமாட்டாய் என்பதில் நான் அவ்வளவு உறுதியாக இருந்ததால் வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தப்பு உன்னுடையது இல்லை.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். நான்காவது முறை. ஜூன் மாதம் தெரியும்.

போய்க் கையெழுத்துப் போடு. ஊருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

டாரியா


வெஸ்னா
26 ஜூன் 1982

நெஸ்டர்,

நேற்று ராத்திரி ரேடியோவில் உன் பெயரை மூன்று தடவை சொன்னார்கள். ஒரு தடவை தப்பாக உச்சரித்தார்கள், அப்பா ரேடியோவைத் தட்டினார்.

வடக்கு வயல் இந்த முறை ஒரே உயரத்தில் நிற்கிறது. சாலையில் போகிறவர்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. மார்ச்சில் நீ காலைத் திருப்பி வெளியே எடுத்தாயே, அந்தக் கன்று இப்போது வேலியைத் தாண்டுகிறது. அதற்குப் பன்னிரண்டு என்று பெயர் வைத்திருக்கிறார் அப்பா.

கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

போன வருடம் இதே நேரத்தில் ஆம் என்றோ இல்லை என்றோ எழுது என்று உன்னிடம் கேட்டேன். இந்த முறை உன்னைக் கேட்கவில்லை. கல்லூரிக்கு வருகிறேன் என்று எழுதி, ஊருக்குள் போய் ஓல்காவின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். இது செய்தி மட்டும்.

டாரியா